அம்மாவின் பட்டன் டின்

செல்வராணி டீச்சர் போய்விட்டார்... காலையில் வாட்ஸ்அப்பில் பார்த்தேன். இரண்டு தடவை வாசித்தும் மனம் ஏற்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பதுளையில் டீச்சராகச் சேர்ந்தபோது, ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்கோ பஸாரில் புடவைக்கடை; துணியோடு நூல், பட்டனும் விற்போம்.

கடை இருந்தும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பழைய சட்டையை யாருக்காவது கொடுக்கும் முன், அம்மா பட்டன்களை வெட்டி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்!

ஒரு தீபாவளிக்கு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று டீச்சரிடம் ஒரு பேக் நிறையச் சட்டை கொடுத்தேன். கொடுத்த பெருமை வேறு...

அன்று மாலையே எங்கள் கடைக்கு வந்து நாலு அட்டை பட்டன் வாங்கினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் இன்டர்வலில் பார்த்தால், எங்கள் சட்டைகளுக்குத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்களுக்கும் இப்பிடித்தாங்க சட்ட வரும். அம்மா ஊக்கு குத்தி விடுவாங்க. ஊக்கு கழண்டுருமோன்னு நான் ஓடி வெளையாடவே மாட்டேன்" என்று சிரித்தார். "நீ குடுக்குற காலம் வந்தா, அப்பிடியே போட்டுக்கிற மாதிரி குடுன்னு அம்மா அப்பவே சொல்லிட்டாங்க."

கோபமே இல்லை. "உங்கம்மாவும் சிக்கனமா இருந்துதானே கடைய நிமித்தியிருப்பாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

காலையில் டின்னும் ஒரு நூல்கட்டையும் என் பேக்கின் மேல் இருந்தன. "அவங்ககிட்ட குடு. டின்ன மட்டும் மறக்காம வாங்கிட்டு வந்துரு, நல்ல டின்னு."

டின் திரும்பி வந்தது... நிறைய முறுக்கோடு!

அதன்பிறகு அம்மாவின் கத்தரிக்கோல் பழைய சட்டைப் பக்கம் போகவேயில்லை. ஆனால் டின் நிற்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இங்கிருந்து லட்டு போகும், அங்கிருந்து முறுக்கு வரும். டீச்சர் பென்ஷன் போன பிறகும்தான்.

இன்று செய்தியைச் சொன்னதும் அம்மா, "நானும் வர்றேன்டி. இத்தன வருஷத்துல அவங்க மூஞ்சிய ஒரு தடவகூட பாத்ததில்லையே" என்றார்.

நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் டீச்சர்.