எனக்கு முன்னால் போகும் கல்

எனது குளிர்கோட்டின் வலது பையில் எப்போதும் ஒரு கறுப்புக் கல் கிடக்கும். உள்ளங்கை அளவு, நடுவே ஒரு வெள்ளைக் கோடு. டென்மார்க்கில், எங்கள் விபோர்க் நகர மருந்துக்கடையில் வரிசைக்கான இலக்கச் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் விரல்கள் தாமாகவே அதைத் தேடிப் போகின்றன.

தந்தவர் ஒரு கன்னியாஸ்திரி; சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மன்னாரில் பிறந்து, தன்சானியாவின் செம்மண் கிராமமொன்றில் கத்தோலிக்கக் கோயில் நடத்தும் சிறு மருத்துவ நிலையத்தைத் தனியே இழுத்துக்கொண்டிருந்த தாதி. என்னைவிடப் பத்து வயது இளையவர், அதனால் என்னை அக்கா என்பார். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் பழகிய கைகள் என்ற மிதப்போடு ஆறு வாரத் தொண்டுக்குப் போனவள் நான். முதல் நாள் விடியவே எழும்பி விறாந்தையைக் கூட்டினேன். படியோரம் கற்கள், ஒரு பிய்ந்த செருப்பு, ஒரு சோளப்பொத்தி. அத்தனையையும் வாளிக்குள் அள்ளிப்போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சிஸ்டர் வந்து வாளியை எட்டிப் பார்த்தார். "அக்கா, இவ்வளவு சனத்தையும் வாளிக்குள்ள போட்டிட்டியளே."

அதுதான் வரிசை. தூரத்துக் குடிசைகளில் நடக்க ஏலாதவர்கள், இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது முதல் நாளே தங்கள் கல்லையோ செருப்பையோ கொடுத்துவிடுவார்கள். கல் போய் இடம் பிடிக்கும். நோயுள்ள உடம்பு அதன் பின்னால் மெல்ல வரும். வாளியைப் படியில் கவிழ்த்துவிட்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். வந்தவர்கள் ஏசவில்லை. தங்கள் தங்கள் கல்லைப் பொறுக்கி, கொஞ்சம் வாதாடி, என்னைப் பார்த்து நிறையச் சிரித்து, பழையபடி அடுக்கிவிட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கறுப்புக் கல்லையும் மறக்காமல் முதலாம் படியில் வைத்தார்கள். அதன் சொந்தக்காரி மலைக்கு அப்பாலிருந்து வரவேண்டுமாம்.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்திறங்கி நேரே கதவுக்குப் போனார். சிஸ்டர் எழும்பவும் இல்லை. கல்வரிசையைக் காட்டி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு எனக்குத் தமிழில், "அவருக்கு முன்னால பதினேழு கல்லு நிக்குதெண்டு சொன்னனான்" என்றார். அதிகாரி மரத்தடியில் போய்க் குந்தினார்.

மத்தியானம் சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு ஒரு நிறைமாதப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் அவசரம் என்று ஒன்றும் தெரியவில்லை. கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கறுப்புக் கல் அவளுடையது, வழி தானாக விலகியது. சிஸ்டர் இரண்டு தரம் பிரஷர் பார்த்தார்; இரண்டு தரமும் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. பிறகு வெளியே போய், அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதே அதிகாரியிடம் ஜீப் திறப்பைக் கேட்டார். அவர் மறுக்கவில்லை. தாயும் பிறந்த பெண்பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்று அங்கிருந்து சேதி வரும்வரை, கல் முதலாம் படியிலேயே இருந்தது. நான் புறப்பட்ட நாளில் சிஸ்டர் அதை என் கையில் வைத்து, "டென்மார்க்கில வைச்சுப் பாருங்கோ, இடம் தருகினமோ எண்டு" என்றார்.

இப்போது இங்கே எங்கள் கோயில் உதவிக் குழு அந்த நிலையத்துக்கு ஒரு இலக்கச்சீட்டு மெஷின் அனுப்பப்போகிறது. அங்கே ஒழுங்கில்லை என்று நேரில் கண்டவளாக நான் கையெழுத்து வைக்கவேண்டுமாம். குழுத்தலைவர் அண்ணை நல்ல மனுசன்தான். ஆனால் நல்ல மனுசரின் ஒழுங்கில் நானும் ஒருதரம் அந்த விறாந்தையைக் கூட்டியிருக்கிறேன். மெஷின் வந்தால், விடிய வந்து நிற்கக் காலுள்ளவனுக்கே முதல் சீட்டு, ஜீப் உள்ளவனுக்கு அதற்கும் முதல். மலைக்கு அப்பால் இருக்கிறவளின் சீட்டை யார் கிழிப்பது? சிஸ்டருக்கு எழுதிக் கேட்டேன். "மெஷினை அனுப்பட்டும் அக்கா, அதுக்கு மேல கல்லு அடுக்கலாம்" என்று பதில் போட்டிருக்கிறார்.

கையெழுத்து வைக்கமாட்டேன். கூட்டம் இன்றைக்கு, பூசை முடிய. எனக்கோ மூன்று மணி வரை வேலை. நான் வரமுதல் தீர்மானித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கோட்டுப் பையிலிருந்து கல்லை எடுத்து, கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்ற கணவரிடம் நீட்டினேன்.

"மேசையில அண்ணைக்கு முன்னால இதை வையுங்கோ."

"அண்ணை சிரிக்கப்போறார்."

"சிரிக்கட்டும். முதல் ஆள் நான், வந்துகொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."