சிம் கரவெட்டியில், ஆள் ஆகாயத்தில்

என் மனைவி தனியாக லண்டனுக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு மாதம் நான் அவளுக்குக் கைத்தொலைபேசி படிப்பித்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த பழக்கம். கேட்க ஒரு ஆள் அகப்பட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பசுவுக்கும் அதே கிழமைதான் கன்று போடுகிற நாள். ஆகவே குடும்பம் கூடி வேலையைப் பிரித்தது: மகளிடம் அவள், பசுவிடம் நான். யாருக்கு எது பொருத்தம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அவளுடைய போனின் செற்றிங்ஸுக்குள் துழாவியபோது ‘வைஃபை கோலிங்’ என்று ஒன்று கண்ணில் பட்டது. உடனே போட்டுவிட்டேன். பெயரே சொல்கிறதே, வைஃபை இருக்கிற இடத்தில் கோல் எடுக்கலாம் என்று. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?

“இஞ்சாரும், எழுதும். இறங்கி ஏறுற எயார்போட்டிலை வைஃபை சும்மா குடுப்பாங்கள். அதைப் போட்டால் வீட்டிலை இருந்து கதைக்கிற மாதிரிக் கதைக்கலாம்.”

அவள் கொப்பியில் எழுதினாள்.

“அடுத்தது. லண்டனிலை மருமகனைக் கண்ணாலை காணாமல் ஆரோடையும் வெளிக்கிடாதையும். எங்கடை ஊர் எண்டுவாங்கள், சொந்தம் எண்டுவாங்கள். அசையக்கூடாது.”

அதற்குக் கீழே அவள் இரண்டு கோடு இழுத்தாள்.

புறப்படுகிற அன்று அவளுடைய சிம்மைக் கழற்றி எடுத்தேன். எங்கள் வீட்டில் சகலதும் அந்த இலக்கத்தில்தான் பதிவு: வங்கி, மின்சாரம், எரிவாயு, கோயில் திருப்பணிச் சபை. வங்கியிலிருந்து குறியீடு வருகிற சிம்மைக் கடல் கடக்க விடுவது, வீட்டுச் சாவியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்குவது மாதிரி. எங்கள் ஊரில் வெளிநாடு போகிற பாதிப் பேர் சிம்மை வீட்டில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். நான் அதை என் பழைய பட்டன் போனுக்குள் போட்டு, சாமியறையில் விபூதித் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்த அவளுடைய தம்பி, “அத்தான், ரோமிங்கைப் போட்டுச் சிம்மோடையே விடுங்கோவன்” என்றார்.

“உமக்கு உது விளங்காது” என்றேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிற்க, லண்டனிலிருந்து மருமகன் அழைத்தார்.

“மாமா, இவவுக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. இப்ப ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறம். மாமியை எடுக்க நான் போகேலாது. என்ரை கூட்டாளி ஒருத்தன் போவான். மாமிக்குச் சொல்லிவிடுங்கோ. தாடி வச்சிருப்பான், ஒரு காதிலை தோடு.”

“தோடோ?”

“நல்ல பெடியன் மாமா.”

அதற்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. “அப்பா, அம்மாவைக் கெதியாய் வரச் சொல்லுங்கோ.” விமானத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு அம்மாவால் முடியும் என்பதுபோல் சொன்னாள். பிறகு ஒரு முனகல். கோல் நின்றுவிட்டது.

வைக்கோலைக் கீழே போட்டேன். மனைவி எங்கள் நேரப்படி ஒன்பதரைக்கே வளைகுடா நாட்டு விமான நிலையத்தில் இறங்கியிருப்பாள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த விமானம். அதற்குள் சொல்லாவிட்டால், லண்டனில் தோடு போட்ட ஒரு பெடியன் வந்து “வாங்கோ மாமி” என்று கூப்பிட, அவள் தூண் மாதிரி நிற்பாள். நான் சொன்னதை அவள் அப்படியே கடைப்பிடித்த நாட்கள் எங்கள் கலியாண வாழ்க்கையில் மிகக் குறைவு. ஆனால் இரண்டு கோடு இழுத்ததை மீற மாட்டாள். அங்கே மகள் தாயைத் தேடிக்கொண்டு கட்டிலில் கிடப்பாள்.

இணையச் செயலியில் அழைத்தேன். மணி போகவே இல்லை. செய்தி எழுதினேன். ஒற்றைச் சரி அடையாளத்தோடு, போய்ச் சேராமல் அது நின்றது. இன்னும் மூன்று எழுதினேன். நான்கும் வரிசையில் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தன.

அப்போதுதான் சாமியறைக்குள் பட்டன் போன் கீச்சிட்டது. ஆங்கிலத்தில் ஒரு செய்தி, நடுவில் ஆறு இலக்கங்கள். இந்த நேரம் பார்த்து யாரோ கள்ளன் என் ஓய்வூதியக் கணக்குக்குள் இறங்குகிறான்! இரண்டு போன்களையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். சந்தியில் போன் வேலையும் போட்டோப் பிரதியும் பார்க்கிற கொமினிகேசன் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இன்னொரு தரம் கீச்சிட்டது.

கடையில் நிற்கிற பிள்ளை ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். செய்தியை ஒரு தரம் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சேர், இது பாங்க் இல்லை. எயார்போட் வைஃபை. இலக்கத்தை அடிச்சால் அந்த இலக்கத்துக்குக் கோட் வரும். ஆரோ உங்கடை இலக்கத்தை அடிச்சுக்கொண்டு நிக்கினம்.”

“என்ரை இலக்கமில்லை. இது ரீச்சரின்ரை சிம்” என்றேன். என் மனைவியும் ஒரு காலத்தில் அவளுக்குப் படிப்பித்தவள்.

“அப்ப ரீச்சர்தான் அங்கை நிக்கிறா. சிம் ஏன் சேர் இஞ்சை நிக்குது?”

நான் வங்கி, எரிவாயு, திருப்பணிச் சபை என்று தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

“நான் வைஃபை கோலிங் போட்டுத்தானே விட்டனான்” என்றேன், ஒரு மாதிரிக் குரல் இறங்கி.

“ஐயோ சேர். அது சிம்மின்ரை கோல். போன் கோபுரத்தாலை போறது வைஃபையாலை போகும், அவ்வளவுதான். சிம் இல்லாட்டி அதாலை ஒண்டும் செய்யேலாது. இன்ரநெற் கோலுக்குத்தான் சிம் தேவையில்லை. ஆனா ரீச்சருக்கு இன்ரநெற் வேணும். அதுக்குக் கோட் வேணும். கோட் உங்கடை பொக்கற்றுக்குள்ளை.”

பரீட்சையில் இவளுக்கு நான் குறைத்த புள்ளிகள் எல்லாம் அந்த நிமிடம் திரும்பி வந்தன.

மூன்றாவது கீச்சு. பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு இலக்கங்கள் கையில் இருக்கின்றன. அவை தேவைப்பட்டவள் கடலுக்கு அப்பால் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறாள். சத்தம் போட்டுச் சொன்னால் கேட்கும் தூரம் மாதிரியும் இருந்தது. நாலாவதும் வந்தது. பிறகு வரவில்லை.

கீச்சிட்டபோது வெறுத்த சத்தத்துக்காக இப்போது காது நீட்டிக்கொண்டிருந்தேன். பத்தே முக்கால். பதினொன்று. “களைச்சுப்போய் இருந்திருப்பா சேர்” என்றாள் பிள்ளை. அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆடை கட்டியது. போட்டோப் பிரதி எடுக்க வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

பதினொன்று இருபதுக்கு என் போன் அடித்தது. செயலியில்தான். அவள்தான்.

“இஞ்சாருங்கோ! ரெண்டு நிமிசம்தான். இஞ்சை துப்பரவு வேலை செய்யிற கண்டி ஊர்ப் பிள்ளை ஒண்டு தன்ரை இன்ரநெற்றைத் தந்திருக்குது. எனக்குத் தெரிஞ்ச சிங்களம் முழுக்க முடிஞ்சுபோச்சு. உங்கடை வைஃபையை என்னெண்டு திட்டுறதெண்டு—”

“அது பிழையில்லை, நீர் முதல்லை செற்றிங்ஸுக்குப் போய்—”

கடைப் பிள்ளை மேசையில் ஓங்கி அடித்தாள். “சேர்! விசயத்தைச் சொல்லுங்கோ!”

சொன்னேன். பன்னீர்க்குடம், ஆஸ்பத்திரி, மருமகன் வரமாட்டார், கூட்டாளி வருவான். மனைவி கேட்டது ஒன்றுதான்.

“பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?”

“உம்மைக் கேக்கிறாள். கூட்டாளிக்குத் தாடி. ஒரு காதிலை—”

கோல் அறுந்தது. திரும்ப எடுக்க, மணி போகவில்லை. ஆனால் காலையில் அனுப்பிய நாலு செய்திகளுக்கும் இரட்டைச் சரி விழுந்திருந்தது. அவற்றில் தாடியும் இல்லை, தோடும் இல்லை. நாலிலும் நான் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: ‘உடனே கோல் எடும்.’

அந்தப் பகலை எப்படிக் கழித்தேன் என்று பசுவைத்தான் கேட்க வேண்டும். மருமகனின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. இரவு எட்டு மணிபோல், தெரியாத வெளிநாட்டு இலக்கம் ஒன்று படத்தோடு அழைத்தது. திரை முழுவதும் என் மனைவியின் நெற்றி.

“இது இந்தப் பெடியன்ரை போன். மருமகன்ரை கூட்டாளி எண்டுறான். மருமகனுக்கு எடுத்தால் கிடைக்குதில்லை. நான் காலெடுத்து வைக்கேல்லை. நீங்கள் ஆளைப் பாத்துச் சொல்லுங்கோ, உவன்தானோ?”

படம் ஆடித் திரும்பியது. தாடி. காதில் தோடு. குளிரில் மூக்குச் சிவந்து, என் மனைவியின் பெட்டியைத் தொடவும் பயந்து, “வணக்கம் ஐயா” என்றது ஒரு முகம். நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத முகம். உலகத்தில் எத்தனை பேருக்குத் தாடி, எத்தனை பேருக்குத் தோடு?

“சொல்லுங்கோவன்!”

“ஓம்” என்றேன், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில். “அவரேதான். வெளிக்கிடும்.”

அவள் உடனே நடக்கத் தொடங்கினாள். அசையக்கூடாது என்றதை நம்பி நின்றவள், நான் சொன்னதை அன்று இரண்டாம் முறையாக நம்பினாள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, மகளின் கட்டில் ஓரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. அதுவரை நான் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. விரல் விறைத்துப்போய், இறக்கவும் தெரியவில்லை.