ஹார்டு டிஸ்க்கிலிருந்து முதலில் வந்தது

போன மாதம் ஹார்டு டிஸ்க்கைக் கீழே போட்டது நான்தான். மகள் கைக்கு எட்டக் கூடாது என்று பீரோ மேலே வைக்கப் போய், நானே தவறவிட்டேன்.

அவள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான். வேறெங்கும் காப்பி இல்லை. கம்ப்யூட்டரில் செருகினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. மனைவி திட்டவில்லை. பேசவே இல்லை.

லாஸ்பேட்டையில் டேட்டா மீட்டுத் தரும் கடையில் கொடுத்திருந்தோம். உள்ளே உடைந்த பாகத்தை மாற்றிவிட்டோம், கிடைத்ததை வந்து பாருங்கள் என்று இன்று கூப்பிட்டார்கள்.

கடைக்கார அம்மா முதல் ஃபைலைத் திறந்தார்.

திரையில் நான். பனியனோடு, சீப்பை மைக்காகப் பிடித்து, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன். கடையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்த மாதிரி நெறைய இருக்கு சார். ஒண்ணுகூட கெடல," என்றார் அவர்.

மனைவி என் பக்கம் திரும்பாமலே அவரிடம் கேட்டாள். "பாப்பா வீடியோ எதனா வந்துதாங்க?"

பாதிதான் வந்திருந்தது. ஆனால் மகள் முதன்முதலாக நடந்த வீடியோ முழுசாக இருந்தது. பார்த்துக்கொண்டே மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடையென்றும் பாராமல் நான்தான் அழுதேன்.

"சாரோட பாட்டும் காப்பி பண்ணட்டுங்களா?"

"அது வேணாங்க," என்றாள் மனைவி.

அவள் ஸ்கூட்டரை எடுக்கப் போன நேரத்தில் ஒரு பாட்டை மட்டும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டேன். கேட்க விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவள் இந்தப் பக்கம் வருவதில்லை.