முகத்துவாரத்துப் பாடும் துரை வந்த ஊர்கோலமும்

ஒல்லாந்தர் கொடி இறங்கி இங்கிலீஷ்காரன் கொடி ஏறிய பிறகு பழவேற்காட்டில் ஊர்கோலம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கோட்டையே இடிந்து கிடக்கிறது. கருவாடு காயப்போடும்போது எங்கள் குப்பத்துப் பெண்கள் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். பல்லக்கு என்பார்கள், பீரங்கி என்பார்கள், ஊருக்குக் கண் பட்டுவிட்டது என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. பாதியில் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன். உட்கார்ந்த இடத்தில் இவளுக்கு முள் குத்தும் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரே இடத்தில் இருக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு எங்களுக்குள் முறை உண்டு. அதைப் பாடு என்போம். சீட்டுப் போட்டு வீட்டுக்கு வீடு நாள் பிரிப்பார்கள். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துப் பாடு விழுந்த வீட்டுக்கு இறால் கூடை கூடையாக வரும். ஒல்லாந்தர் இருந்த காலத்தில் ஒரு வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு அது ஒரே ஒரு நாள்தான் விழுந்தது. அதைக் கோட்டை விட்டால் அடைமழை மாதங்களில் அடுப்பு எரியாது. அம்மா பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

கோட்டைக்குப் புதுத் துரை கப்பலில் வந்து இறங்கியதும் அதே நாளில்தான். கப்பலிலிருந்து கரைக்கு அலை தாண்டிப் படகு வலிப்பது எங்கள் ஆண்களின் வேலை. வலித்து முடித்ததும் சிவப்புத் தலைப்பாகை கட்டி, துடுப்பை நிமிர்த்திப் பிடித்தபடி பல்லக்குக்குப் பின்னால் கோட்டை வாசல்வரை நடக்க வேண்டும். வரிசையை விட்டு விலகினால் முதுகில் பிரம்பு விழும். கோட்டைச் சேவகன் என் அப்பாவின், எங்கள் நைனாவின், பெயரையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

விடிந்ததும் நைனா என்னை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார். முழங்கால் தண்ணீரில் ஒரு கோலை ஊன்றி என் கையில் கொடுத்தார்.

"நம்ம வூட்டு ஆளு கோலப் புடிச்சிட்டு நின்னா எவனும் கிட்ட வரமாட்டான். ஆளு இல்லன்னா பாடு அடுத்த வூட்டுக்குப் பூடும். உச்சிக்கு மேலதான் தண்ணி வடியும், எறா அப்பதான் எறங்கும். அதுக்குள்ள ஓடியாந்துர்றேன். நீ எங்கியும் போயிடாதே, இன்னா?"

"போமாட்டேன் நைனா" என்றேன்.

நின்றேன். கால் மாற்றி மாற்றி நின்றேன். பக்கத்துப் பாடு விழுந்தவர்கள் படகில் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் பீரங்கி வெடித்தது. பிறகு முரசு, தாரை. தண்ணீரின்மேல் வரும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். என் வயதுப் பெண்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள், நான் மட்டும் கொக்கு மாதிரி இங்கே நிற்கிறேன் என்று எரிச்சலாக வந்தது. தண்ணீர் குடிக்கக் கரையேறுகிறவர்கள் கோலில் துணியைக் கட்டிவிட்டுப் போவதுண்டு. அடுத்தவர்களும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது பீரங்கிக்கு நானும் முந்தானையில் ஒரு முழம் கிழித்துக் கோலில் கட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நடந்தும் ஓடியும் ஏரியைக் கடந்தேன்.

கடைத்தெருவில் வீட்டுக்கு வீடு பூப்போட்ட துணிகளைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மரக்காயர் வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சிப்பாய்கள், குதிரைகள், சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கொடிகள். துரை குட்டையாக, வெயிலில் வெந்த இறால் நிறத்தில் இருந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேரம் போனதே தெரியவில்லை.

பல்லக்குக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் வந்தார்கள். சிரித்த முகமாக வரச் சொல்லியிருப்பார்கள் போல, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது வரிசையில் நைனா. கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். இடுப்புவரை நனைந்திருந்த என் புடவையைப் பார்த்தார். ஒரு அடி தவறியது. பிரம்பு வைத்திருந்தவன் திரும்பினான். நைனா துடுப்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

நான் திரும்பி ஓடியபோது தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. அடுத்த சீட்டுக்காரர் வலை இறக்கியிருந்தார்.

"கோலு நின்னுது, ஆளு இல்ல. ரொம்ப நேரம் பாத்துட்டுத்தான்மா போட்டோம்" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

பொழுது சாயும்போது நைனா வந்தார். தலைப்பாகையைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தார். அடுத்தவர் வலையில் இறால் குதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரிடமும் வாதாடவில்லை. அந்த மழை முழுவதும் நாங்கள் பாதி வயிற்றோடுதான் கிடந்தோம். என் கல்யாணமும் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அதெல்லாம் வரும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. எங்கள் கோலைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பாதி வழியில், "ஊர்கோலம் நல்லா இருந்திச்சாம்மா?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. நாளெல்லாம் பல்லக்கின் பின்பக்கத்தைத் தவிர அவர் எதையும் பார்த்திருக்கவில்லை.

"நல்லா இருந்திச்சு நைனா."

"சொல்லு, கேக்கறேன்" என்றார்.

வீடு வரும்வரை ஒன்று விடாமல் சொன்னேன்.