ஏழாம் கட்டில் அறிக்கையில் நான் எழுதிய பொய்

என்னிடம் வேலை பழக வந்த ஒரு இளம் மருத்துவனைக் காணவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. இல்லை என்றால் அதற்குக் காரணம் நான். 2020ஆம் ஆண்டு, முதலாவது பொதுமுடக்கத்தின் நாலாவது கிழமை, நடுப்பகல். மருத்துவமனையில் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் செபம் செய்தேன்.

அந்தச் செபத்துக்குக் கிடைத்த பதிலைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். அதற்கு முதல் நான் யார் என்று சொல்ல வேண்டும். அது கேட்க நல்லாயிராது.

என் அப்பா இந்தப் பிரெஞ்சு நகரத்தில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவியவர். நான் தீவிர சிகிச்சை மருத்துவராக வந்தேன். இந்தத் தேவாலயப் பங்கில் எல்லாருக்கும் என்னால் பெருமை. எனக்கோ உங்கள் எல்லாரிலும் இளக்காரம். நோய் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் செபக்குழுவில் இருந்து தினமும் குரல் செய்தி வரும். மஞ்சளும் இஞ்சியும் அவித்துக் குடித்தால் கிருமி அண்டாது என்பீர்கள், அடுத்த மூச்சில் சங்கீதம் வாசிப்பீர்கள். ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. இன்றைக்கும் அந்த இஞ்சிக் கதையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அது வேறு.

மேலே இருந்தவர்களிலும் எனக்கு மதிப்பில்லை. இயக்குநர் நல்ல முகக்கவசத்தைத் தான் போட்டுக்கொண்டு, எங்களுக்குப் பெட்டி பெட்டியாகச் சொக்கலேற் அனுப்பினார். எட்டு மணிக்குப் பல்கணியில் நின்று எங்களுக்காகக் கைதட்டிய அதே சனம்தான், லிஃப்டில் தாதிமாரைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்குக் காத்து நின்றது.

ஆனால் என் முழு இளக்காரத்தையும் வாங்கியவர்கள் என் பொறுப்பில் விடப்பட்ட பயிற்சி மருத்துவர்கள். இங்கே ‘ஆந்தேர்ன்’ என்பார்கள். மருத்துவப் படிப்பு முடித்து, ஒரு துறையில் சிறப்புப் பயிற்சி எடுப்பவர்கள். ஆள் போதாமல் வேறு துறைகளில் இருந்தும் எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள். தோல் பழகியவள், கண் பழகியவன், மனநலம் பழகியவன். மனநலம் பழகிய அந்த நெட்டையனைப் பஸ்தியான் என்று சொல்கிறேன். அது அவன் பெயர் இல்லை.

அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசி பிடிக்கும்போது கை நடுங்கும். நோயாளி மயக்கத்தில் கிடக்க, குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன நாள் என்று சொல்லுவான். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் குடும்பங்களுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருப்பான். “இங்கே நுரையீரலைத்தான் பார்க்கிறோம், மனதைக் கொண்டுபோய் வெளியில் வை” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் அவனுக்குக் கற்பிக்க வேண்டியவள். கற்பித்தது, பயத்தை மட்டும்தான்.

ஏழாம் கட்டிலில் சந்தியாப்பிள்ளை என்று ஒரு மன்னார்க்காரர். ரூ பஜோல் தெருவில் வீடு. ஒபர்வில்லியேயில் மொத்தச் சாமான் கிட்டங்கியில் வேலை. அவரும் இந்தப் பங்குதான். எனக்கு முகம்கூடத் தெரியாது. குப்புறக் கிடத்தியிருந்த அவரை, நான் செபம் செய்ததற்கு இரண்டு நாள் முதல் பின்னேரம், நிமிர்த்திக் கிடத்த வேண்டியிருந்தது. தலைப்பக்கம் பஸ்தியான். சுவாசக் குழாய் இடம் மாறுகிறது என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு அழைத்தான். நான் எடுக்கவில்லை. திரும்ப அழைத்தான். அவன் பெயரைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அப்போது நான் கீழே வாசலில் இயக்குநரோடு நின்றேன். புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொக்கலேற் அனுப்புகிறவர் என்று நான் இளக்காரம் செய்த அதே மனிதரின் பக்கத்தில், தலைமயிரைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

குழாய் கழன்றுவிட்டது. நான் ஓடிப்போய்த் திரும்பப் போட்டேன். சில நிமிடம் அவருக்குக் காற்றுப் போகவில்லை. இதயம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அறிக்கை எழுதியது நான். “பயிற்சி மருத்துவர் உரிய நேரத்தில் உதவி கோரவில்லை.” ஒரு வரி. அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அதை வாசித்தேன். பக்கத்தில் நின்று அவன் அழைத்ததைப் பார்த்த தாதி நிலத்தைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். தன் தொலைபேசியை எடுத்துக் காட்டவில்லை. அந்தப் பார்வையையும் அன்றைக்குக் கோழைத்தனம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. தொலைபேசியும் கதவு பூட்டும் திறப்பும் விடுதி அறைக் கட்டிலில் கிடக்கிறது என்று தோல் பழகியவள் வந்து சொன்னாள். பதினொரு மணிக்கு அவன் ஊர் ப்ரெத்தானில் இருந்து அவன் தாய் அழைத்தார். அழவில்லை. அவன் உங்களிடம்தானே பழகுகிறான், உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவான், நீங்கள் கெட்டிக்காரி என்பான் என்றார். அவன் எங்கே என்று கேட்டார்.

அதன் பிறகுதான் அந்த உடை மாற்றும் அறைக்குள் போனேன். செபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேரம் பேசினேன். “ஆண்டவரே, அவனை உயிரோடை விடும். நான் உண்மையைச் சொல்லுறன்.” அவ்வளவுதான். அவர் இருக்கிறாரா என்றுகூட நிச்சயம் இல்லாமல் சொன்னேன்.

கால்மணி நேரம் இருக்காது. ஏழாம் கட்டிலின் மனைவி அழைக்கிறார் என்று செயலாளர் வந்து சொன்னார். அந்த அக்கா தினமும் அழைப்பவர். ஒருநாளும் நான் பேசியதில்லை, பஸ்தியானிடம் தள்ளிவிடுவேன். அன்றைக்கு எடுத்தேன். மரிஸ்டெல்லா அக்கா. அலுவலகக் கந்தோர்கள் துப்புரவு செய்கிற வேலை.

“டொக்டர், உங்கடை பெடியன் ஒருத்தன் இஞ்சை நிக்கிறான்” என்றார். “நேற்றுப் பின்னேரம் நடந்து வந்தவன். என்ரை மனிசனுக்குத் தன்ரை கையாலை பிழை நடந்துபோச்சு எண்டு சொல்லி அழுதவன். திரும்பி வெளிக்கிட்டான், நான் விடேல்லை. சாகப்போறன் எண்டு அவன் சொல்லேல்லை. ஆனா முகத்திலை எனக்குத் தெரிஞ்சது. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.”

வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். போகிற வழியில் ரூ பெர்தொனே தெரு முழுக்கக் கடைகள் இழுத்து மூடிக் கிடந்தன. அக்கா வீடு நாலாம் மாடி, ஒரே அறை. கதவோரம் கதிரையில் முகக்கவசத்தோடு அவன் இருந்தான். அறையின் மற்றப் பக்கத்தில் அக்கா. தொற்றிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு முக்காலி வைத்து, அதில் சாப்பாட்டை வைத்துவிட்டு விலகியிருந்திருக்கிறார். யன்னல் அகலத் திறந்திருந்தது. தான் படுக்கிற மெத்தையை அவனுக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அவருடைய பிரெஞ்சு அரைகுறை. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஒரு இரவு முழுக்க அந்த இரண்டு பேரும் எப்படிப் பேசினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு ஒன்று விளங்கியது. தான் இரண்டு தரம் அழைத்ததை அவன் சொல்லவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாய் திறக்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அந்தப் பேச்சு அந்த அறையோடு முடிந்திருக்கும். அந்த எண்ணமும் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். ஆண்டவர் நான் கேட்டதைத் தந்துவிட்டார், இனி என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு கேவலமானவள்.

ஆனால் சொன்னேன். முதலில் அக்காவுக்குத் தமிழில், பிறகு அவனுக்குப் பிரெஞ்சில். அவன் என்னை இரண்டு தரம் கூப்பிட்டான், நான் போகவில்லை, போகாததை மறைத்துப் பொய் எழுதினேன் என்று.

அக்கா அடுப்பை நிற்பாட்டினார்.

“அந்த நேரம் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?”

“படம் எடுத்துக்கொண்டு நிண்டனான் அக்கா.”

“படமோ?”

“ஓம்.”

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் ஒரு கோப்பையில் சோறு போட்டு முக்காலியில் வைத்தார். “அவன் சாப்பிடட்டும். பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார். எனக்குப் போடவில்லை. அது சரிதான்.

அன்று பின்னேரமே அறிக்கையைத் திருத்தி எழுதினேன். பஸ்தியானின் தாய்க்கு அழைத்து முழுவதையும் சொன்னேன். நிர்வாகம் என்னை விசாரித்தது. பயிற்சி மருத்துவர்கள் பொறுப்பை ஒரு வருடம் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பஸ்தியான் ஒரு கிழமை தாயிடம் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான், வேறொரு மூத்த மருத்துவரின் கீழே.

இந்த இடத்தில் சந்தியாப்பிள்ளை அண்ணை எழும்பி நடந்தார் என்று சொல்லுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு செத்துப்போனார். அந்தச் சில நிமிடமும் அதற்கு ஒரு காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அதோடுதான் இருக்கிறேன். மனைவியை உள்ளே விடவேண்டும் என்று சண்டை பிடித்து அனுமதி வாங்கியது பஸ்தியான். அக்கா கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

போன மாதம் இதைச் சொல்லப்போகிறேன் என்றபோது, அப்படியென்றால் இது என்ன சாட்சி என்று இங்கே ஒருவர் என்னைக் கேட்டார். நான் கேட்டது ஒரு உயிர். அந்த உயிர் கிடைத்தது. கேட்காத ஒன்றும் கிடைத்தது: என்னை நானே பார்த்து அருவருத்தேன், அருவருத்த பிறகும் என்னை ஆண்டவர் கைவிடவில்லை. எல்லாம் சுகமாக முடிந்தால்தான் கடவுள் என்பவர்களோடு எனக்கு இப்போதும் பேச்சில்லை.

இப்போது திரும்பவும் இளையவர்களுக்குக் கற்பிக்கிறேன். என் குணம் முழுதாக மாறவில்லை, நாக்கு இன்னும் காரம்தான். ஆனால் கை நடுங்குகிறவனுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். தெரியாது என்று சொல்லுகிறவளை முதலில் பாராட்டுகிறேன். மரிஸ்டெல்லா அக்கா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். என்னை மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இதைச் சொல்லட்டுமா என்று கேட்டபோது, “சொல்லுங்கோ, ஆனா உங்களை நல்லவள் ஆக்கிப்போடாதேங்கோ” என்றார்.

உங்களில் யாருக்காவது செபம் வராமல் இருந்தால், என்னைப் போலவே செய்து பாருங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம், தகுதியாகும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். செய்த பிழையை ஆண்டவருக்கு முன்னால் பெயர் சொல்லி வையுங்கள். பிறகு எழும்பிப் போய், யாருக்குச் செய்தீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு முதலே அந்த வீட்டுக்குப் போயிருப்பார்.