எங்கள் வீட்டுத் தண்ணீர் பரீட்சை எழுதியது

பருத்திப்பட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககம் பழையது. சமையலறைத் தொட்டியில் குழாய் சொட்டும் இடத்தில் பச்சையாகக் கறை படிந்திருந்தது. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் என்று தெரிந்ததும், தண்ணீரில் ஈயமும் செம்பும் எவ்வளவு என்று சோதிக்கக் குடியிருப்போர் சங்கத்தில் ஏற்பாடு செய்தார்கள்.

ஆய்வுக்கூடத்துப் பெண் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்.

"நைட் மூடுன குழாய காலைல வரிக்கும் யாரும் தொறக்கக் கூடாது மேடம். தண்ணி பைப்புலயே நின்னாத்தான் இன்னா கரையுதுன்னு தெரியும். மொதல்ல வர்றத அப்டியே புடிச்சி வைங்க."

என் கணவர் இதைத் தேர்தல் பணி போல எடுத்துக்கொண்டார். குழாய்க்குத் துண்டு சுற்றிக் கயிறு கட்டினார். காலையில் தூக்கக் கலக்கத்தில் நான் அதை அவிழ்க்கப் போக, "தொடாதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது. பிறகு பயபக்தியோடு பாட்டிலை நிரப்பி மேடைமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மாலையில் அந்தப் பெண் வந்து வாங்கிப் போனார்.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க ஊட்டுத் தண்ணில செம்பு எக்கச்சக்கமா கீது. அதுகூட பரவால்ல. எலுமிச்சங்கொட்டை ஒண்ணு கெடந்துச்சே, அது எப்டி குழாய்ல வந்துச்சு?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் திடீரென்று ஒவ்வொரு இலையாக உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"அத்தை?"

"அந்தத் தண்ணி கலங்கலா இருந்துச்சும்மா. வெளியாளு பாத்தா நம்மள என்ன நினைப்பாங்க? அதான் கொட்டிட்டு, என் செம்புக் குடத்துத் தண்ணிய ஊத்தி வெச்சேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சது. உடம்புக்கு நல்லதுன்னு வாட்ஸப்புல வந்துச்சே!"

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்து அடங்கவே கொஞ்ச நேரமாயிற்று. புளிப்பு பட்டால் செம்பு கரையும், அதைக் குடிக்காதீர்கள் என்றார்.

"அதான் வயித்தப் பொரட்டுதா?" என்றார் மாமியார்.

மறுபடி பாட்டில் வந்தது. இந்த முறை கணவர் அதை நிரப்பிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். ஈயம், செம்பு இரண்டும் வரம்புக்குள்தான் இருந்தன. கறைக்குக் காரணம் பழைய பித்தளைக் குழாய் என்றார்கள், மாற்றினோம்.

"நம்ம தண்ணி பாஸா?" என்றார் மாமியார்.

"பாஸ், அத்தை."

"எதிர்வீட்டுக்காரங்க?"

"அவங்களும் பாஸ். செம்பு மட்டும் நம்மளவிடக் கொஞ்சம் அதிகம்."

அவர் முகம் தொங்கிப்போனது. இதில் அதிகம் வாங்கினால்தான் மட்டம் என்று புரியவைத்த பிறகே, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனார்.