வரப்பின் மேல் நின்று ‘வராது’ என்றேன்

அந்த வீடியோவை வெட்டியது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. உங்கள் ஆபீஸில் இருக்கும் முழுப் பதிவிலிருந்து பதினொரு விநாடியை மட்டும் எடுத்து, ஒரு இணைய சேனல் பேட்டியின் நடுவே ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர் நீங்கள்.

படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இவர் நான் இயக்கிய இரண்டாவது படத்தின் தயாரிப்பாளர். பெயரை எழுதப்போவதில்லை. அவருக்குத் தெரியும், அது போதும். அந்தப் பதினொரு விநாடியில் நான் மரக்காணம் உப்பளத்து வரப்பில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் மரமும் பிளாஸ்டர் மாவும் வைத்துக் கட்டிய கோட்டை. “மழை வருமா, வராதா?” என்று அவர் குரல் கேட்கிறது. “வராது சார்” என்கிறேன். அதோடு வெட்டு. அடுத்து அதே கோட்டை சேற்றுத் தண்ணீரில் இடிந்து கிடக்கிறது. பேட்டி எடுத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “உப்பளத்துக்காரப் பையன். அவன் ஊரு வானம் அவனுக்கே தெரியலைன்னா நான் என்னங்க பண்றது?” என்று தயாரிப்பாளர் கேட்கிறார்.

அதை நான் உப்பளத்தில் நின்றுதான் பார்த்தேன். யாரோ செல்போனுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்து முடித்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மடை திறக்கப் போனேன். அன்று கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே நாலைந்து முறை கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு உப்பு வேலை. இப்போது அண்ணன் பார்க்கிறார், நான் கூட நிற்கிறேன். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருடம் சென்னையில் இருந்தேன். அசிஸ்டன்ட்டாக அலைந்து, கடைசியில் அனுமந்தை கடற்கரையில் வைத்து ஒரு சின்னப் படம் எடுத்தேன். நடித்தவர்களில் பாதிப்பேர் அந்த ஊர்க்காரர்கள். படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் பார்த்தவர்கள் பேசினார்கள். ‘நம்பிக்கை தரும் இயக்குநர்’ என்று எழுதினார்கள். வானூர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி ஒருவர் கை கொடுத்தார். அந்தக் கையை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றால் எனக்கு வேறு என்ன கிடைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள்.

“தம்பி, உங்க ஊரு உப்பை வச்சு இந்தியாவே பாக்குற மாதிரி ஒண்ணு பண்ணுவோம். கண்ணுக்கு எட்டுற தூரம் வெள்ளை. நடுவுல ஒரு கோட்டை. போர். சொல்லும்போதே சிலிர்க்குது பாரு.”

எனக்கும் சிலிர்த்தது. பொய் சொல்லப்போவதில்லை. என் முதல் படத்தில் மொத்தமே இருபது பேர் யூனிட். நீங்கள் சொன்ன படத்தில் குதிரைக்காரர்களே அதைவிட அதிகம்.

ஷூட்டிங் பங்குனி, சித்திரையில் என்று முடிவானது. அப்போதுதான் உப்பு நன்றாக விளையும். ஆனால் நடிகரின் கால்ஷீட் தள்ளிப்போனது. வைகாசி என்றார்கள். ஆடி என்றார்கள். கடைசியில் ஐப்பசி என்று வந்து நின்றது. ஐப்பசியில் எங்கள் பக்கம் உப்பளம் கிடையாது. உப்பளம் இருந்த இடம்தான் இருக்கும். புரட்டாசியோடு வாரி முடித்து, குவியலுக்குக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவோம். பிறகு வானம் வந்து எடுத்துக்கொள்ளும். பொங்கல் கழிந்து தண்ணீரை இறைத்து, சேறு வாரி, பாத்தியை மிதித்து இறுக்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இது ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நீங்கள் பேட்டியில் சொல்கிறீர்கள்.

உங்கள் ஆபீஸில் மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“சார், ஐப்பசி அடைமழை சார். செட்டு நிக்காது. தைக்கு மேல வச்சுக்கலாம்.”

“தைக்கு அவரு வேற படத்துல இருப்பாரு தம்பி. மழை கால்ஷீட் பாத்தா வருது?”

இரண்டாவது தடவை மேனேஜர் இருந்தார். மூன்றாவது தடவை கேமராமேனும் இருந்தார். அன்று நீங்கள் சொன்னது ஒரே வரி: “பயமா இருந்தா சொல்லிடு, வேற டைரக்டர் பாத்துக்குறேன்.”

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். உங்கள் மேனேஜர் காபி கொண்டுவரச் சொன்னார், குடித்தேன். இது என் தப்பு. அந்தப் படத்தை இன்னொருவன் எடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன். ஆனால் நீங்கள் என்மேல் போட்டிருப்பது இந்தத் தப்பை அல்ல.

ஐப்பசி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது யூனிட் வந்து இறங்கியது. பாத்திகளில் உப்பு இல்லை, வெறும் பழுப்பு மண். வெள்ளை வேண்டுமே? தெற்கிலிருந்து லாரி லாரியாக உப்பு வாங்கி வந்து கொட்டினீர்கள். மரக்காணத்துக்கு உப்பு. அதைப் பரப்ப எங்கள் உப்பளப் பெண்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். எங்கள் பாத்தியில் பல வருடமாக வேலை செய்கிற அக்கா ஒருவர், தலையில் கூடையோடு என்னைத் தாண்டும்போது நின்றார்.

“ஏம்பா டைரக்டரு, வருசம் பூரா இங்கேர்ந்து வாரி அனுப்புறோம். இப்ப வெளியூர்லேர்ந்து வாங்கியாந்து நம்ம மண்ணுலயே கொட்டச் சொல்றியே. நாளைக்கு அனுமந்தைக் கடல்ல மீனு வாங்கிப் போடச் சொல்லுவியா?”

“படம்க்கா.”

“படமா? எங்க மாமியாரு பாத்தா நெஞ்சு வெடிச்சிருக்கும். நல்ல வேளை, போய்ச் சேந்துட்டாங்க.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் கழுவெளி ஏரிப் பக்கம்வரை வெள்ளையாகிவிட்டது. மானிட்டரில் பார்த்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியில் உப்பு கிடக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் ‘மழை’ என்று வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் கூப்பிட்ட மாதிரி. மேற்கே கறுத்தால் “மூடுது” என்போம். கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஓடும்போதே எதிரில் வருகிறவன் “வருமா?” என்று கேட்டால் “வராது, வராது” என்று சொல்லிக்கொண்டே ஓடுவோம். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். வாய் வராது என்னும், கை மூடும். எனக்கு ஏழெட்டு வயதில் ஒருநாள் வரப்பில் நின்று “மழை வருது, மழை வருது” என்று கத்தினேன். அம்மா ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி வந்து, கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டு மறுபடி ஓடினார். அந்த அறை என் வாயில் இருக்கிறது. சென்னையில் எத்தனை வருடம் இருந்தாலும் போகவில்லை.

நீங்கள் ஆபீஸில் கேட்டிருந்தால் நான்காவது தடவையும் வரும் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் வரப்பில் கேட்டீர்கள். முதல் நாள் ஷாட்டுக்கு முன்னால், நூறு பேர் நடுவில், மேக்கிங் வீடியோ எடுக்கிறவர் கேமராவோடு பக்கத்தில் நிற்க, இரண்டு பக்கமும் உப்பு கிடக்க, கேட்டீர்கள்.

“தம்பி, எல்லார் முன்னாடியும் கேக்குறேன். மழை வருமா, வராதா?”

“வராது சார்.”

வாய் சொல்லிவிட்டது. கூடை வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு நான் சொன்னது புரிந்தது. உங்களுக்குப் புரியாது என்று எனக்கு உடனே உறைத்தது. அதனால்தான் அடுத்த மூச்சிலேயே மீதியைச் சொன்னேன்.

“ஆனா ஆபீஸ்ல சொன்னதுதான் சார், நான் மாத்தலை. செட்டைப் பிரிச்சிடுங்க. கிரேனை இப்பவே ரோட்டுக்கு ஏத்திடுங்க. தைக்குத் தள்ளிடலாம்.”

“வராதுங்குறான், பிரிக்கவும் சொல்றான். டேய், இவனுக்கு ஒரு இளநி வெட்டிக் குடுங்கடா, சூடு தலைக்கு ஏறிடுச்சி.”

எல்லாரும் சிரித்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் வெட்டியது இதைத்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல் பிடித்தது. விடவில்லை. முதலில் உப்பு போனது. போனது என்றால் ஒரு மணி நேரம்கூட இல்லை, வெள்ளை இருந்த இடமெல்லாம் பழுப்பு. பிறகு கோட்டைச் சுவரில் பூசியிருந்த மாவு மொத்தமாகச் சரிந்து உள்ளே மரச்சட்டம் தெரிந்தது. கிரேன் அச்சுவரை புதைந்தது. குதிரைகளை எப்படியோ கரையேற்றினார்கள். நடிகர் கேரவனில் ஏறிப் போனார், கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. நான் வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ குடை கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அதை விரிக்க எனக்குத் தோன்றவில்லை. மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு நனைந்தேன். அன்றிலிருந்துதான் இந்த மரத்துப்போன தன்மை. இன்னும் முழுசாக விடவில்லை.

படம் நின்றது. பிறகு மீதியை ஒரு ஸ்டுடியோவுக்குள் வேறு யாரையோ வைத்து எடுத்து முடித்தார்கள். என் பெயரோடு வெளியானது, ஒரு வாரத்தில் போனது. சென்னையில் நான் கதை சொன்ன இடத்திலெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டியதோடு சரி, அந்த ‘வராது’ எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் மட்டும் வெளிப்படையாகக் கேட்டார்: “வீட்டுக்குள்ளயே நடக்குற மாதிரி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? மேலே கூரை இருந்தா நல்லது.” நான் எழுந்து வந்தேன். அடுத்த மாதம் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

இங்கே வந்தும் விடவில்லை. டீக்கடையில் நுழைந்தாலே ஆரம்பிப்பார்கள்.

“டைரக்டர் சார், துணி காயப்போடலாமா?”

“டேய், அவரு வராதுன்னு சொல்லிட்டாருன்னா குடை எடுத்துட்டுப் போ.”

உப்பு வேலை செய்கிறவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். வரப்பில் நின்றால் அவர்களும் அதையேதான் சொல்வார்கள். தெரிந்தும் சிரிக்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

சென்ற மாதம் கிளியனூர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். என் முதல் படத்தைப் பார்த்தவர். சின்னதாக ஒரு படம் எடுக்கலாம், கதை இருந்தால் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். நான்கு மணி நேரம் கேட்டார். கடைசியில் கண்ணைத் துடைத்தார். தை பிறந்ததும் தொடங்கலாம் என்று கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி நெடுநாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன். எட்டாவது நாள் உங்கள் பேட்டி வந்தது. பத்தாவது நாள் அவர் போன் செய்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எங்கூடப் பணம் போடுறவங்க அதைப் பாத்துட்டாங்க. சொன்ன வார்த்தை இருக்குதே, உங்க வாயாலயே. அதுக்கு ஒரு பதில் வரட்டுங்க. வந்தா நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

“நான் சொன்னா போதுமா?”

“நீங்க சொன்னா யாரு நம்புவாங்க? அவரு சொல்லணும்.”

மறுநாள் உப்பு வாரிக்கொண்டிருந்த அதே அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் வாரும் பலகையை நிறுத்தவில்லை.

“நீ வராதுன்னதுல தப்பில்ல. ஆனா ஆபீஸ்லயே கதவைச் சாத்திட்டு வந்திருக்கணும். நாக்கைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்த இல்ல?”

“ஆமாக்கா.”

“அப்ப அதையும் சேத்து எழுது. இல்லைன்னா நானே உன்னை நம்பமாட்டேன்.”

எழுதிவிட்டேன். மேலே இருக்கிறது.

இனி நீங்கள். அந்தப் பதிவு என்னிடம் இல்லை. எடுத்தவரிடமும் இல்லை, அன்றைக்கே உங்கள் மேனேஜர் வாங்கிக்கொண்டார். உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எந்த சேனலில் உட்கார்ந்து சிரித்தீர்களோ அதே சேனலில், அந்த வீடியோவை இளநி வெட்டச் சொன்ன இடம்வரை ஓடவிடுங்கள். ஓடவிட்டுவிட்டு, ஆபீஸில் மூன்று தடவை நான் என்ன சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால், ஏன் வெட்டினீர்கள் என்றாவது எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.